நிகழ்ச்சி நிரலில் அச்சாகாத தலைப்புகள்

1980 ஜனவரி. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரி. மேடையில் நான்கு பியானோக்கள். அவற்றில் ஒன்றை வாசிக்கப்போகிறவர் இசையமைப்பாளரே: ஜூலியஸ் ஈஸ்ட்மன். கறுப்பர், தன்பாலுறவாளர், இரண்டையும் ஒளிக்காதவர். அன்று வாசிக்கப்படும் மூன்று படைப்புகளின் பெயர்களும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. கறுப்பின மாணவர்கள் சிலர் ஆட்சேபித்ததால் அவை அச்சிடப்படவில்லை. நானும் மறைத்தால் இக்கட்டுரைக்கு அர்த்தமில்லை: 'ஈவில் நிக்கர்', 'கே கெரில்லா', 'கிரேஸி நிக்கர்'.

மாணவர்களின் காயம் பொய்யல்ல. சாட்டையோடு சேர்ந்து வந்த சொல் அது. ஈஸ்ட்மனும் அதை மறுக்கவில்லை. வாசிப்பதற்குமுன் எழுந்து நின்று விளக்கம் சொன்னார். வயலில் உழைத்த கறுப்பு அடிமைகளின்மீதுதான் அமெரிக்கப் பொருளாதாரமே எழுந்தது. பூச்சுகளை எல்லாம் உதறிவிட்டு அடித்தளத்தைத் தொடுகிற ஒன்று அந்தச் சொல்லில் இருக்கிறது என்பது அவர் வாதம். கெரில்லா என்பவர் ஒரு கருத்துக்காக உயிரையும் தரத் தயாராக இருப்பவர். அழைப்பு வந்தால் தானும் அப்படி ஒருவனாக இருக்க விரும்புவதாகச் சொன்னார். வசவைத் துடைத்தெறிவதா, எடுத்து அணிந்துகொள்வதா? அந்த அரங்கில் இரண்டு பதில்கள் நேருக்கு நேர் நின்றன. நிர்வாகம் தேர்ந்தது மூன்றாவதை: வெற்றுக் காகிதம்.

ஈஸ்ட்மன் வாசல் தெரியாமல் வந்தவர் அல்ல. 1940ல் நியூயார்க்கில் பிறந்து, இதாகாவில் வளர்ந்து, பிலடெல்பியாவின் கர்டிஸ் கல்விக்கூடத்தில் மியெச்சிஸ்லாவ் ஹோர்ஷோவ்ஸ்கியிடம் பியானோ பயின்றவர். 1960களின் இறுதியிலிருந்து பஃபலோ பல்கலைக்கழகத்தின் நவீன இசைக் குழுவில் இருந்தார். பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸின் 'ஒரு பைத்தியக்கார அரசனுக்கான எட்டுப் பாடல்கள்' ஒலிப்பதிவில் மன்னனாகக் குரலெடுத்தவரும் இவரே. அங்கேதான் 1975ல், கலைஞருக்குச் சுதந்திரம் தருவதாகப் பேர்பெற்ற ஜான் கேஜின் 'பாடல் புத்தகங்கள்' நிகழ்த்தப்பட்டபோது, தனக்குக் கிடைத்த பகுதியைக் காமம் பற்றிய கேலி உரையாக மாற்றி, மேடையில் ஒரு இளைஞனின் ஆடைகளையும் களைந்தார். கேஜ் வெளிப்படையாகவே கோபப்பட்டார். சுதந்திரத்துக்கும் வேலி உண்டு. அது எங்கே இருக்கிறது என்று முட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இசைக்குள்ளும் இதே பிடிவாதம். தன் முறையை 'உயிர்ம இசை' என்றார். ஒவ்வொரு புதிய பகுதியும் முந்தைய பகுதிகள் சேர்த்துவைத்ததைச் சுமந்தபடியே வளரும். பழையது போவதானாலும் மெல்ல மெல்லத்தான் போகும். 'கே கெரில்லா'வில் ஒரே ஸ்வரம் அடுக்கடுக்காகத் தட்டப்பட்டுப் பெருகி, கடைசியில் அதற்குள்ளிருந்து மார்ட்டின் லூதரின் கீர்த்தனை மெட்டு எழுகிறது. சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் போர்ப்பாட்டு, அந்தத் திருச்சபைகள் பாவி என்று ஒதுக்கியவனின் கையில்.

1980களின் தொடக்கத்தில் நியூயார்க் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். உடைமைகளோடு இசைத்தாள்களும் தெருவுக்கு வந்தன. பெரும்பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. சில காலம் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காதான் வீடு. 1990 மே 28 அன்று பஃபலோ மருத்துவமனையில் இறந்தார். வயது 49. இரங்கல் குறிப்பு வெளிவந்தது 1991 ஜனவரியில், 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில், கைல் கான் எழுதி. ஒரு கலைஞன் செத்துப்போனது தெரிய எட்டு மாதம்!

'குடிச்சுக் கெட்டான்', 'மேதைகள்னா அப்படித்தான்' என்ற இரண்டு கதைகளும் உடனே தயாராகிவிடும். குடி இருந்தது, தன் தாள்கள் விஷயத்தில் அலட்சியமும் இருந்தது. ஆனால் அலட்சியமான வெள்ளை மேதைகளின் துண்டுக் காகிதத்தையும் பொறுக்கிச் சேர்க்கப் பதிப்பகங்களும் நூலகங்களும் இருந்தன. ஆவணக் காப்பகம் எதை வைத்திருக்கிறது என்பதைவிட யாருக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

திரும்பக் கிடைத்ததும் நிறுவனங்களின் தயவால் அல்ல. மேரி ஜேன் லீச் என்ற இசையமைப்பாளர் 1998ல் ஈஸ்ட்மனின் ஒரு படைப்பைத் தேடத் தொடங்கினார். பத்து செல்லோக்களுக்கான, ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய படைப்பு அது. பழைய நண்பர்கள், ஒலிநாடாக்கள், நகல்கள் என்று ஏழு வருட அலைச்சல். 2005ல் மூன்று குறுந்தகடுகள் வந்தன. அந்த செல்லோப் படைப்பின் இசைத்தாள் கிடைக்காமல், பின்னாளில் ஒலிப்பதிவைக் கேட்டே திரும்ப எழுதினார்கள். 1974ல் பதிவான 'ஃபெமினைன்' வெளிவந்தது 2016ல். 2018ல் பெரிய பதிப்பகமான ஷிர்மரும் வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்தபின்.

இப்போது பெரிய அரங்குகள் அவரை வாசிக்கின்றன. தலைப்பை முழுதாகப் போடலாமா, முதலெழுத்தோடு நிறுத்தலாமா என்று ஒவ்வொரு முறையும் தயங்குகிறார்கள். தயங்கட்டும். அந்தத் தயக்கத்தை உண்டாக்கத்தானே அவர் அப்படிப் பெயர் வைத்தார்? தயங்குவது வேறு, நிரலை வெற்றாக விடுவது வேறு.