வெயிலும் குளிசையும்

2018 யூலை 2ஆம் நாள் மொன்றியலில் வெப்பமானி 36.6 பாகை செல்சியஸைத் தொட்டது. மக்கில் பல்கலைக்கழக அவதான நிலையத்தின் 147 ஆண்டுப் பதிவுகளில் அதுவே உச்சம். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வளர்ந்தவருக்கு இதுவும் ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் அந்த வெப்ப அலை 66 உயிர்களைப் பலிகொண்டதாக நகரின் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது.

அத்துறையின் அறிக்கையில் ஒரு விபரம் கவனிக்கத்தக்கது. இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மனச்சிதைவு நோயாளர். நகர மக்களில் அந்நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தனிமை, வறுமை, குளிரூட்டி இல்லாத அறை ஆகியவற்றுக்கு இதில் பெரும் பங்குண்டு. அவர்கள் ஒழுங்காக எடுத்துவந்த மருந்துகளுக்கும் பங்குண்டு.

வெயிலில் உடல் தன்னைக் காத்துக்கொள்ள இரண்டு வழிகள்தாம்: வியர்ப்பது, தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவது. மனநோய் மருந்துகள் பல, மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டைக் குழப்புகின்றன. சில வியர்வையையே தடுக்கின்றன. லித்தியம் எடுப்பவரின் உடலில் நீர் வற்றினால், சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். வழக்கமான அளவே நஞ்சாகிவிடலாம். மென்பொருளில், தனித்தனியே சரியாக ஓடும் இரு பகுதிகள் இணைந்ததும் விழுந்துவிடுவதைப் போன்றது இது. மருந்திலும் பிழையில்லை, அளவிலும் பிழையில்லை.

எங்கள் வீடுகளில் அதிகம் இருப்பவை பிரஷர் குளிசைகள். சலம் போகச் செய்யும் குளிசை, உடலில் ஏற்கெனவே குறைந்துவரும் நீரை மேலும் குறைக்கும். பீற்றா தடுப்பிகள் வெயிலுக்கு ஏற்ப இதயம் வேகமெடுப்பதை மட்டுப்படுத்தும். நீர் வற்றிய நேரத்தில் மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபனும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் சீட்டில்லாமல் வாங்கும் பெனட்ரில்கூட வியர்வையைக் குறைக்கக்கூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் குளிசையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது வெயிலைவிட ஆபத்தாகலாம். கோடை வருமுன் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ பட்டியலைக் காட்டிக் கேட்பதே முறை.

இன்னொன்று. வெயிலில் மயங்கியவருக்குப் பனடோல் கொடுப்பது நம்மவர் வழக்கம். அது காய்ச்சலுக்கானது. வெப்பத் தாக்கில் அதனால் பயனில்லை, ஈரலுக்குச் சுமைதான். உடலைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே 911ஐ அழைக்க வேண்டும்.

துறைமுகத்தை ஒட்டிய ஒஷெலாகா-மெசொன்னெவ் பகுதியிலும், தமிழர் பலர் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் மரங்கள் குறைவு. தாரும் கொங்கிறீற்றும் அதிகம். அங்குள்ள மேல்மாடி அறைகள் இரவிலும் ஆறுவதில்லை. அப்படியான அறையில் மேசைமேல் கிடக்கும் மருந்தும் கெடும். பாவனையிலுள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழ் நான்கு வாரம்வரை தாங்கும்; கெட்டபின்னும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் குளிசையை அதன் சொந்தக் கண்ணாடிக் குப்பியிலிருந்து மாற்றக் கூடாது. மூடிய காருக்குள் எந்த மருந்தையும் விட்டுச்செல்லக் கூடாது.

ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்புகிறவர்கள் சாமான்களோடு மருந்தும் வைப்பதுண்டு. கனடா போன்ற மிதவெப்ப நாடுகளில் விற்கும் மருந்துகளுக்கு நீண்டகாலச் சோதனை பொதுவாக 25 பாகையிலும் 60 வீத ஈரப்பதத்திலும் நடக்கிறது. இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் குறிக்கும் வெப்ப அளவு 30 பாகை. வெயிலில் நிற்கும் சாதாரண இரும்புப் பெட்டகத்தின் உட்புறமோ 50 பாகையைத் தாண்டக்கூடும். பெட்டி போய்ச்சேர வாரக்கணக்காகும். மருந்தை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோவது நல்லது, குறிப்பாக இன்சுலினை. சரக்கறையில் அது உறைந்தாலும் பயன்படாது.