வெறும் சேஸிஸ் முதல் ஏசி கேபின் வரை: புது லாரிக்கு மாறும் டிரைவர் அண்ணன்களுக்கு ஒரு த்ரெட்

எண்ணூர், ஓசூர் பக்கம் ஹைவேயில் போயிருந்தால் இதைப் பார்த்திருப்பீங்க. கேபின் கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது. வெறும் சேஸிஸ். ஸ்டியரிங்குக்குப் பின்னாடி பேருக்கு ஒரு சீட்டு. ஹெல்மெட் போட்டு, முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு ஒருத்தர் அதை நாமக்கல் வரைக்கும் பாடி கட்ட ஓட்டிக்கிட்டுப் போவார். வெயில், மழை, தூசி எல்லாம் நேரா அவர் மேலதான்.

1896-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் செய்த முதல் மோட்டார் லாரியிலும் இதே கதைதான். 4 குதிரைத்திறன் இன்ஜின், ஒன்றரை டன் சுமை. டிரைவருக்கு இடம்? குதிரை வண்டிக்காரர் உட்காரும் அதே திறந்த பலகை. குதிரையை எடுத்தாங்க, பலகையை விட்டுட்டாங்க. சரக்குக்கு முதலில் யோசிப்பது, டிரைவருக்குக் கடைசியில் யோசிப்பது என்ற பழக்கம் அங்கேயே ஆரம்பிச்சிடுச்சு.

இதை ஏன் இப்போ சொல்றேன்? மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றுக்கு ஏசி கேபின் கட்டாயம். பழைய மரக்கேபின் வண்டி ஓட்டிய நிறைய பேர் இப்போ புது டிரெய்லருக்கு மாறுறாங்க. ஓபியில் அவங்க சொல்ற ஒரு வரி எனக்கு மனப்பாடம்: "புது வண்டிக்கு வந்த அப்புறம்தான் சார் இடுப்பு பிடிக்குது."

நல்ல சீட்டுள்ள வண்டியில் ஏன் இடுப்பு வலிக்கணும்? அந்தச் சீட்டு எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா காரணம் புரியும்.

நம்ம முதுகெலும்பில் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஜவ்வு மாதிரி ஒரு டிஸ்க் இருக்கு. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில், உயிரோடு இருக்கும் மனிதர்களின் டிஸ்க்கிலேயே அழுத்தம் அளக்கும் ஊசியைச் செலுத்திப் பார்த்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது, நிற்பதை விட டிஸ்க்கில் அழுத்தம் அதிகம்னு தெரிந்தது. "உட்கார்ந்துதானே வேலை பார்க்கிற, உனக்கென்ன வலி?" என்று டிரைவரைக் கேட்கிற எல்லோருக்கும் அந்த ஊசிதான் பதில்.

1970-களில் அதே நாட்டில் குன்னார் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் அடுத்த படிக்குப் போனாங்க. சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, இடுப்பு வளைவுக்கு ஒரு முட்டு கொடுத்தால் அந்த அழுத்தம் இறங்குது. இன்றைக்கு உங்க சீட்டில் இடுப்புப் பக்கம் புடைத்துக்கொண்டு இருக்கிற பகுதி இந்த ஆராய்ச்சியின் வாரிசு.

1975-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் கெல்சியும் ஹார்டியும் டிஸ்க் பிதுங்கிய நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டாங்க. வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டும் ஆண்களுக்கு இந்த ஆபத்து சுமார் 3 மடங்கு. லாரி டிரைவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு.

ஏன் லாரிக்கு மட்டும் இவ்வளவு? அதிர்வு. உட்கார்ந்திருக்கும் மனித முதுகெலும்பு, விநாடிக்கு 4 முதல் 6 தடவை மேலும் கீழும் ஆட்டும்போது அதிகமாகக் கூடச் சேர்ந்து ஆடும். கனரக வண்டி ரோட்டில் கொடுக்கிற ஆட்டமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினா உயரப் போகுமே, அந்த மாதிரி. அதைத் தடுக்கத்தான் ஸ்பிரிங் சீட்டும், பிறகு காற்றுப் பையில் மிதக்கும் ஏர் சீட்டும் வந்தது.

இப்போ ஓபி கேள்விக்கு வருவோம். ஏர் சீட்டு பல வண்டிகளில் உங்க எடைக்கு ஏற்ப செட் பண்ணியாகணும். முன்னாடி ஓட்டியவர் 60 கிலோ, நீங்க 90 கிலோன்னா, ஒவ்வொரு பள்ளத்திலும் சீட்டு அடிவரை இறங்கி 'டங்'குன்னு இடிக்கும். அந்த இடி பழைய பலகையை விட மோசம். அதனால புது வண்டியில் ஏறினதும் சாவியைத் திருப்புறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் சீட்டுக்குக் கொடுங்க.

முதலில் எடை செட்டிங். நீங்க உட்கார்ந்த பிறகு சீட்டு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் மிதக்கணும். அடுத்து உயரம், பாதம் தரையில் முழுசா படியணும். கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் லேசா மடங்கியே இருக்கணும், எட்டி மிதிக்கக் கூடாது. முழங்காலுக்குப் பின்னாடி சீட்டு விளிம்பில் ரெண்டு மூணு விரல் இடைவெளி. சாய்மானம் நேர்க்குத்தா வேண்டாம், லேசா பின்னால் சாயட்டும். இடுப்பு முட்டு இல்லாத வண்டியா? துண்டை மடிச்சு வைங்க, போதும். ஸ்டியரிங், கண்ணாடி ரெண்டையும் கடைசியில் செட் பண்ணுங்க, ஏன்னா சீட்டு மாறினா ரெண்டும் மாறும்.

பின் பாக்கெட்டில் இருக்கிற தடி பர்ஸை எடுத்து டேஷ்போர்டில் போடுங்க. பல மணி நேரம் ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்தால் இடுப்பு கோணும், காலுக்குப் போகிற நரம்பும் நசுங்கும்.

ஸ்டியரிங் பத்திச் சுருக்கமா. பழைய லாரி ஸ்டியரிங் அண்டா மூடி சைஸில் இருந்ததுக்குக் காரணம், தோள் பலத்தால் திருப்பணும். பியர்ஸ் ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் இன்ஜினியராக இருந்த ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926-ல் பவர் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். தோளுக்கு விடுதலை. ஆனா பழைய வண்டிக்குப் பழகின கை, புது வண்டியில் தேவைக்கு மேல் திருப்பிடும். முதல் சில நாள் வேகத்தைக் குறைச்சே பழகுங்க.

டிரெய்லருக்குப் புதுசா வர்றவங்களுக்கு இன்னொண்ணு. 1914-ல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு மர வியாபாரியின் படகை ஏற்றிப்போக ஃபோர்டு காருக்குப் பின்னால் ஒரு வண்டியைச் செய்து மாட்டினார். முன் சக்கரம் இல்லாத வண்டி, முன்பாரம் இழுக்கிற காரின் மேல். டிரெய்லர் தொழில் பெருசா வளர்ந்ததில் அந்த வண்டிக்குப் பெரிய பங்கு. அதன் அடிப்படைக் குணம் இன்னும் மாறவில்லை: வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டும். அங்கே பைக்காரர் நிப்பார். லோடு ஏத்தும் முன்னாடி காலி மைதானத்தில் திருப்பிப் பழகுங்க. டிரெய்லரை மாட்டினதும் லாக் விழுந்ததான்னு இறங்கிக் கண்ணால பாருங்க, மெதுவா இழுத்தும் பாருங்க.

பிரேக்கும் அப்படித்தான். பழைய வண்டியில் விட்டு விட்டு மிதித்த கால், ஏபிஎஸ் வண்டியில் அவசரத்துக்கு ஒரே அழுத்தா அழுத்திப் பிடிக்கணும். பம்ப் பண்ணினா காற்றுதான் வீண். காலையில் ஏர் மீட்டர் ஏறி எச்சரிக்கைச் சத்தம் நிற்கிற வரைக்கும் வண்டியை நகர்த்தாதீங்க.

புது கேபின் உயரம். குதிச்சு இறங்கும் அண்ணன்கள் கணுக்கால், குதிகால் எலும்பு உடைஞ்சு எங்ககிட்ட வர்றாங்க. பல மணி நேரம் உட்கார்ந்து மரத்துப்போன காலால் குதிக்காதீங்க. வண்டியைப் பார்த்தபடி, ரெண்டு கை ஒரு கால் அல்லது ரெண்டு கால் ஒரு கை எப்பவும் பிடிமானத்தில் இருக்கிற மாதிரி இறங்குங்க.

ஏசிக்காகக் கண்ணாடியை ஏத்திட்டா வெயில் தோலைத் தொடாதுன்னு நினைக்காதீங்க. 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு படம் வந்தது. 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். அமெரிக்காவில் டிரைவர் சீட்டு இடப்பக்கம். அவர் முகத்தில் இடது பாதி மட்டும் தடித்து, சுருங்கி, வலது பாதியை விடப் பல வருஷம் மூத்து நின்றது. பக்கக் கண்ணாடி வழியா புற ஊதா-ஏ கதிர் உள்ளே வரும். நமக்கு அது வலது கன்னம், வலது கை. முழுக்கைச் சட்டை போடுங்க.

கடைசியா தூக்கம். இதை ஓனர்களும் படிக்கணும். அமெரிக்காவில் 1930-களின் இறுதியிலேயே லாரி டிரைவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வந்தது. 1941-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை டிரைவர்களின் களைப்பை ஆராய்ந்து தனி அறிக்கையே போட்டது. நம்ம நாட்டில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. தொலைதூர வழிகளுக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு தரணும்னும் அதில் இருந்தது. "ஏசி கொடுத்தாச்சு, இன்னொரு ட்ரிப் சேர்த்து அடி" என்று சொல்லும் ஓனர் ஒன்றை யோசிக்கணும். ஏசி வியர்வையைத்தான் குறைக்கும், தூக்கக் கடனை அடைக்காது. குளிர்ந்த, சத்தமில்லாத கேபினில் கண் இன்னும் சுகமா சொக்கும். பான் பராக்கும் டீயும் அதைத் தடுக்காது. 20 நிமிஷம் ஓரம் கட்டித் தூங்குவது அதை விட மேல்.

ஏசியில் தாகம் தெரியாது, அதனால தண்ணி குடிக்கிறது குறையும். சிறுநீர் கல்லோடு வர்ற டிரைவர்கள் ஏற்கனவே நிறைய. பாட்டிலை கண் முன்னாடி வைங்க.

சீட்டைச் சரி பண்ணியும் வலி சில வாரத்தில் குறையலைன்னா டாக்டரைப் பாருங்க. ஆனா இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ஆசனவாய் சுற்றி மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ ட்ரிப் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. நரம்பு நசுங்கியிருக்கலாம், மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழப்பு நிரந்தரமாகலாம். வண்டியை ஓரமா நிறுத்திட்டு, ஓனருக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி 108-க்குப் பண்ணுங்க.