இரண்டு தட்டுகள் ஒன்றாகுமா? இசைத்தட்டின் கால அளவும் கம்பம் பள்ளத்தாக்கின் இசையும்

இசை கேட்பவர்களிடையே ஒரு பழைய கேள்வி உண்டு. இரண்டு இசைத்தட்டுகளாக வெளிவந்த ஒரு பாடல் தொகுப்பை ஒரே தட்டாகச் சுருக்கினால் எந்தப் பாடல்களை வைத்துக் கொள்வது, எவற்றை விடுவது என்பதுதான் அது. இது ஒரு பொழுதுபோக்கு விளையாட்டு போலத் தோன்றலாம். ஆனால் எந்தப் பாடல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும், எது மறைந்து போகும் என்பதை இத்தகைய தேர்வுகளே பலமுறை முடிவு செய்துள்ளன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பிய இசையின் வரலாற்றிலும் இதைக் காணலாம்.

இசைத்தட்டின் கால அளவு

தொடக்க காலத்தில் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டுகள் புழக்கத்தில் இருந்தன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாடலையே பதிய முடியும். திரைப்படப் பாடல்கள் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிவதற்கு இந்த வரம்பும் ஒரு காரணம். 1948 இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. எல்.பி. என்று அழைக்கப்பட்ட இந்தப் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிடங்களுக்கு இசை இருக்கும்.

இதைவிடக் கூடுதலாகப் பதிய முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் அதற்கு வரிப்பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும். நெருக்கமாக வெட்டினால் ஒலியின் அளவு குறையும். தாழ்ந்த ஒலிகள் மெலியும். ஆகவே நேரத்தைக் கூட்டினால் தரம் குறையும், தரத்தைக் காத்தால் பாடலைக் குறைக்க வேண்டும். இரண்டையும் விட்டுக்கொடுக்க விரும்பாதவர்கள் இரண்டு தட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டனர்.

ரிஷிகேசத்தில் பிறந்த இரட்டைத் தட்டு

இவ்வகைத் தொகுப்புகளில் அதிகம் விவாதிக்கப்பட்டது, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழு 1968 நவம்பர் 22 அன்று வெளியிட்ட வெள்ளை அட்டைத் தொகுப்பு. இதற்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இக்குழுவினர் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கித் தியானம் கற்றனர். அங்கே எழுதிய பாடல்கள் பலவும் இத்தொகுப்பில் இடம்பெற்றன. மொத்தம் 30 பாடல்கள்; சுமார் 93 நிமிடங்கள்.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு இது நிறைவளிக்கவில்லை. நல்ல பாடல்களை மட்டும் தேர்ந்து ஒரே தட்டாக வெளியிட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து. குழுவினரோ இரண்டு தட்டுகளாகவே வெளியிட்டனர். அன்று முதல் இன்று வரை உலகெங்கும் ரசிகர்கள் அந்த 30 பாடல்களைப் பாதியாக்கிப் பார்க்கின்றனர். ஒருவர் நீக்கும் பாடலையே மற்றொருவர் முதலிடத்தில் வைக்கிறார். ‘தேவையற்றது’ என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பகுதி அமைவதில்லை என்பதே இந்த விவாதம் காட்டும் உண்மை.

மேடையிலிருந்து தட்டுக்கு

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது பண்ணைப்புரம். இளையராஜா 1943 இல் இங்கே பிறந்தார். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். 1958 இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்கு ஆதரவாக மலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடியது இன்றும் நினைவுகூரப்படுகிறது. தம்பியர் அவருடைய குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றனர்.

மேடைக் கச்சேரிக்கு நேரக் கட்டுப்பாடு குறைவு. கூட்டம் விரும்பினால் ஒரு பாடலை நீட்டலாம். அடியைத் திரும்பப் பாடலாம். தட்டில் அது முடியாது. 1976 இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரையிசைக்கு வந்த இளையராஜா, இந்தத் தாராளத்தை விட்டு நான்கைந்து நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லும் முறைக்கு மாறினார். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் ஒவ்வொன்றுக்கும் நொடிக் கணக்கில் இடம் ஒதுக்கும் கலை அது.

படம் விட்டது, தட்டு காத்தது

1980 இல் வெளிவந்த ‘நிழல்கள்’ இதற்கு நல்ல சான்று. இயக்குநர் பாரதிராஜா அல்லிநகரத்தைச் சேர்ந்தவர். இசையமைப்பாளர் பண்ணைப்புரத்தைச் சேர்ந்தவர். இப்படத்தில் பாடலாசிரியராக அறிமுகமான வைரமுத்து வடுகபட்டியைச் சேர்ந்தவர். மூவருமே இன்றைய தேனி மாவட்டத்துக்காரர்கள். அன்று அது மதுரை மாவட்டத்தின் பகுதி.

இப்படத்திற்காக எஸ். ஜானகி பாடிய ‘தூரத்தில் நான் கண்ட’ என்னும் பாடல் திரையில் இடம்பெறவில்லை. ஆனால் அப்பாடல் இசைத்தட்டில் இருந்தது. வானொலியிலும் ஒலிநாடாவிலும் அது பரவியது. இன்று படத்தைப் பார்க்காத பலர் பாடலை அறிவார்கள். ஓரிடத்தில் குறைக்கப்பட்டது வேறோரிடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தால் இழப்பு இல்லை என்பதை இது காட்டுகிறது. தட்டிலிருந்தும் நீக்கப்பட்டிருந்தால் அப்படி ஒரு பாடல் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

ஒலிநாடாப் பதிவுக் கடைகள்

1980களில் தொகுப்பைச் சுருக்கும் வேலை பொதுமக்கள் கைக்கு வந்தது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என ஒவ்வொரு ஊரிலும் ‘ரெக்கார்டிங் சென்டர்’ எனப்பட்ட பதிவுக் கடைகள் இருந்தன. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாடல்களை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தட்டுகளிலிருந்து வெற்று ஒலிநாடாவில் பதிந்து தருவார்.

அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு 30 நிமிடம். ஒரு பாடல் நாலரை நிமிடம் என்றால் பக்கத்திற்கு ஆறு பாடல்களுக்கு 27 நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் மிஞ்சும். அதில் ஏழாவது பாடலைப் பதிந்தால் பாதியில் அறுந்துவிடும். ஆகவே இருபது பாடல்களை எழுதிக்கொண்டு போனவர் எட்டுப் பாடல்களை அடித்தே ஆக வேண்டும். மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தேர்ந்தெடுத்தல் என்பது விருப்பம் மட்டுமன்று, இடத்தைப் பங்கிடும் கலையும் ஆகும் என்பது விளங்கும்.

658 பாடல்களிலிருந்து ஒரு குறுந்தட்டு

மிகக் கடினமான சுருக்கம் 2005 இல் நடந்தது. மாணிக்கவாசகரின் திருவாசகத்திற்கு இளையராஜா சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கொண்டு இசையமைத்தார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. தமிழ் மையம் அதை வெளியிட்டது.

திருவாசகத்தில் 51 பகுதிகள், 658 பாடல்கள் உள்ளன. சிவன் கோயில்களில் நடைபெறும் முற்றோதலில் இவை அனைத்தையும் ஓதி முடிக்க ஏறத்தாழ ஒரு பகல் பொழுது ஆகிறது. குறுந்தட்டில் கிடைப்பதோ ஒன்றேகால் மணி நேரம். இளையராஜா ஆறு பகுதிகளிலிருந்து அடிகளைத் தேர்ந்தார். சிவபுராணம், திருப்பொற்சுண்ணம், திருக்கோத்தும்பி, அச்சப்பத்து, பிடித்த பத்து, யாத்திரைப் பத்து ஆகியவை அவை.

இங்கே இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, வரிசை மாற்றம். நூலில் முதலில் இருப்பது சிவபுராணம். தட்டில் முதலில் ஒலிப்பது நூலின் 45 ஆம் பகுதியான யாத்திரைப் பத்து. இரண்டாவது, நேரப் பங்கீடு. எல்லாவற்றுக்கும் சமமாக இடம் தராமல், சிவபுராண அடிகளைக் கொண்ட பாடலுக்கு மட்டும் சுமார் 20 நிமிடங்கள் அளித்தார். நிறையப் பாடல்களை நெருக்கித் திணிப்பதைவிடச் சிலவற்றை விரிவாகச் செய்வதே மேல் என்னும் முடிவு இதில் தெரிகிறது.

திருவாசகம் முழுவதும் ஏட்டிலும் அச்சிலும் ஓதுவார் நாவிலும் பாதுகாப்பாக இருப்பதால் இந்தச் சுருக்கத்தால் நூலுக்குக் குறைவில்லை. மாறாக, முழு நூலை நோக்கிப் புதியவர்களை அழைக்கும் வாயிலாக அது அமைந்தது.

சுருக்கமும் முழுமையும்

இன்று இணையத்தில் கால வரம்பு இல்லை. ஆயினும் ‘சிறந்த பத்துப் பாடல்கள்’ என்னும் பட்டியல்களே பெருகுகின்றன. பட்டியலில் வராத பாடலைத் தேடுவோர் குறைகின்றனர். சுருக்குவதில் தவறில்லை, அது ரசனையைக் கூர்மையாக்கும் பயிற்சி. ஆனால் சுருக்கியவர் முழுமையையும் ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டோ, கையால் பாடல் பெயர் எழுதிய ஒலிநாடாவோ இருந்தால் அதை எடைக்குப் போடாமல், அட்டையோடு சேர்த்துப் பாதுகாப்பது நல்லது. இன்று நாம் வேண்டாம் என்று ஒதுக்கும் பாடல் நாளை ஒருவருக்கு முதல் பாடலாக இருக்கக்கூடும்.