சிசுக்களின் இருதய ரண சிகிச்சையில் இரத்தம் செலுத்துதல்

பெரியவர்களுக்கு இரத்தம் செலுத்துவது பெரும்பாலும் இழந்ததை ஈடுசெய்வதற்கே; இருதயத்தில் பிறவிக் குறையுடைய சிசுவுக்கோ, ரண சிகிச்சையில் ஒரு துளி சிந்துமுன்னரே அது வேண்டியதாகிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடுவது ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் இரத்தமே. இருதயம் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில் அதன் தொழிலை ஏற்று நடத்தும் இருதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்புவதற்கோ, பழைய கருவிகளில் அதனினும் மிகுதியான திரவம் தேவைப்பட்டது. வெறும் உப்புநீரால் அவற்றை நிரப்பினால், குழந்தையின் இரத்தம் நீர்த்துப்போய்ப் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையும் உறையும் குணமும் ஒருங்கே குன்றிவிடும்.

இயந்திரம் நம்பத்தக்கதாகாத காலத்தில், 1954 மார்ச் 26 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லெஹை, ஓராண்டு நிரம்பிய ஒரு குழந்தையின் இரத்தக் குழாய்களை அதன் தந்தையின் குழாய்களோடு இணைத்து, தந்தையின் நுரையீரலே இருவருக்கும் பிராணவாயு ஊட்டும்படி செய்து, இருதய அறைகளுக்கிடையே இருந்த துவாரத்தை அடைத்தார். அக்குழந்தை பதினொரு நாள் கழித்து நிமோனியாவால் மாண்டது. இம்முறையில் சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். ஒரே சிகிச்சையில் இரண்டு உயிர் போகக்கூடும் என்ற கண்டனம் அன்றே எழுந்தது. அதனை அநியாயம் என்று சொல்வதற்கில்லை.

சேமித்த இரத்தத்திற்கும் தோஷங்கள் உண்டு. நாளாக ஆகச் சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து சேரும். உறையாதிருக்கக் கலக்கும் சிட்ரேட் குழந்தையின் கால்சியத்தைப் பிணித்து இருதயத் துடிப்பைத் தளர்த்தும். ஆகவே புதிய இரத்தத்தையே தேர்ந்து, வெள்ளணுக்களை வடிகட்டி, தேவையானபோது கதிர்வீச்சுக்கும் உட்படுத்துகின்றனர். நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சின்றி ஏற்றுவது இன்று அபாயமாகவே கருதப்படுகிறது. இயந்திரத்தின் குழாய்களைக் குறுக்கியதும், சிகிச்சை முடிவில் மிகுதி நீரை வடித்தெடுக்கும் முறையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் நாயக், எலியட் முதலியோர் வகுத்து 1991இல் வெளியிட்டதும் இரத்தத் தேவையைப் பெரிதும் குறைத்தன.

சிகிச்சைக்குப் பின் வரும் முதல் இரவே கடினமானது. ஆறு முதல் பதினெட்டு மணிநேரத்திற்குள் இருதயத்தின் ஆற்றல் தாழ்வதுண்டு. வீக்கம் மிகுந்தால் மார்பைச் சில நாள் மூடாமலே வைப்பர். பின்னர் சுவாசக் கருவி விலகும். குழாய்வழிப் பால் தொடங்கும். இரத்த ஓட்டம் முற்றும் சீர்பெற்ற குழந்தை சற்றுக் குறைந்த ஹீமோகுளோபினையும் தாங்கும். ஒரே கீழறையை நம்பி வாழும் நீலம் பாரித்த குழந்தைக்கு அது உயர்ந்தே இருத்தல் வேண்டும். மிகுதியாக இரத்தம் ஏற்றப்பெற்ற குழந்தைகள் தாமதமாகவே தேறுகின்றன என்பது மெய். ஆயினும் அதிகம் நலிந்த குழந்தைக்கே அதிக இரத்தம் தேவைப்படுவதால், பழியை இரத்தத்தின்மேல் மட்டும் சுமத்துவது பொருந்தாது.