பெட்ராவுக்குத் தனியாகப் புறப்படுமுன்

ஜோர்தானின் தெற்கே, மணற்பாறையைக் குடைந்து நபாத்தியர் அமைத்த தலைநகரம் பெட்ரா. 1985இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மூன்று இரவுகள் இருந்தால் தனியொருவர் நிதானமாகப் பார்த்துவரலாம்: அம்மானில் ஒன்று, பெட்ராவின் வாசலிலுள்ள வாடி மூசாவில் இரண்டு.

முதலில் ஆவணங்களைப் பாருங்கள். இறங்கியதும் விசா பெறக்கூடிய கடவுச்சீட்டு உள்ளவர்கள், ‘ஜோர்தான் பாஸ்’ஐ முன்கூட்டியே இணையத்தில் வாங்கி மூன்று இரவுகள் தங்கினால் விசாக் கட்டணம் இல்லை. பெட்ரா நுழைவும் அதிலேயே அடங்கும். அகதிகளுக்கான பயண ஆவணத்தில் செல்வோர் இதை நம்பிப் புறப்பட வேண்டாம். பிள்ளையின் கடவுச்சீட்டுக்குப் பொருந்தும் விதி பெற்றோரின் ஆவணத்துக்குப் பொருந்தாமல் போகலாம். விமானச்சீட்டு எடுக்குமுன் ஜோர்தான் தூதரகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.

அம்மானிலிருந்து வாடி மூசாவுக்குச் சாலைவழியே ஏறத்தாழ மூன்று மணி நேரம். முதல் நாள், ‘சிக்’ எனும் 1.2 கி.மீ. மலையிடுக்கு வழியாக நடந்து, சுமார் 40 மீற்றர் உயரமான கஸ்னே, அரங்கு, அரச கல்லறைகள் ஆகியவற்றைப் பாருங்கள். மறுநாள் காலை வெயிலுக்கு முன், சுமார் 800 படிகள் ஏறி ‘தேர்’ மடாலயத்தை அடையலாம். வாசலுக்குத் திரும்பும் வழி ஏற்றம் என்பதால் தண்ணீரையும் நேரத்தையும் மிச்சம் வையுங்கள்.

மழை எச்சரிக்கை இருந்தால் சிக்கினுள் இறங்காதீர்கள். 1963இல் அங்கு புகுந்த திடீர் வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் உயிரிழந்தனர். துணைக்கு ஆள் இல்லாததால், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் விடுதியிலும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.