பூட்டிய கதவைத் தட்டியவர்கள்

மொன்றியல் அட்வாட்டர் மெட்ரோ நிலையத்துக்கு அருகே வியர்டேல் பார்க் என்றொரு சிறு வீதி இருக்கிறது. நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து நகர மையத்துக்குப் போகும்போது நம்மில் பலர் அதன் பக்கமாய்ப் போயிருப்போம். அங்குள்ள பெரிய பழைய கட்டடம் ஒரு காலத்தில் புரொட்டஸ்தாந்துச் சிறுவர்களுக்கான இல்லமாக இருந்தது. பின்னாளில் அது பட்ஷோ இளைஞர், குடும்ப நிலையங்களின் அலுவலகமாயிற்று. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. குற்றம் செய்த பிள்ளையை எங்கே, எப்படி வைத்திருப்பது என்பதே அந்த வரலாறு கேட்கும் கேள்வி.

ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கெனத் தனி இடமே இருக்கவில்லை. 1845ஆம் ஆண்டு அந்துவான் போஷே என்ற எட்டு வயதுச் சிறுவன் மூன்று வருடத் தண்டனையுடன் கிங்ஸ்டன் பெருஞ்சிறைக்கு அனுப்பப்பட்டான். ஒன்பது மாதங்களில் 47 தடவை அவனுக்கு உடல் தண்டனை கொடுக்கப்பட்டது. அவன் செய்ததெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் சில்லறைக் குறும்புகளே. பத்து வயதான இன்னொரு சிறுவனும் அங்கே அதேபோல அடிபட்டான். இவையெல்லாம் சிறையின் சொந்தப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தன. ஆனால் அதைத் திறந்து வாசிக்க ஒருவரும் வரவில்லை. 1848இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. பத்திரிகையாசிரியர் ஜோர்ஜ் பிரவுண் அதன் செயலாளர். குழுவினர் பதிவேட்டைப் புரட்டினார்கள். கண்டதை நாட்டுக்குச் சொன்னார்கள்.

அதன் பின்பு மாற்றம் மெதுவாக வந்தது. 1857இல் இளங்குற்றவாளிகளுக்குத் தனிச் சிறை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு, மொன்றியலுக்குத் தெற்கே ரிஷெலியூ ஆற்றின் நடுவிலுள்ள இல்-ஒ-நுவா தீவில் ஒரு சீர்திருத்த நிலையம் திறந்தது. அந்த இடமோ ஒரு பழைய இராணுவக் கோட்டை. பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தது முன்னேற்றம்தான். ஆனாலும் கோட்டை கோட்டையாகவே இருந்தது. 1869இல் கியூபெக் மாகாணம் சீர்திருத்தப் பாடசாலைகளுக்கும் தொழிற் பாடசாலைகளுக்கும் சட்டம் செய்தது. அக்காலத்தில் இங்கே எல்லாமே மதவாரியாகப் பிரிந்திருந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகளைத் துறவற சபைகள் பொறுப்பேற்றன. புரொட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்காக நம்முடைய முன்னோடிச் சபைகளைச் சேர்ந்தவர்கள், லொறென்ரியன் மலைப்பகுதியிலுள்ள ஷோபிரிட்ஜில் ஒரு பண்ணைப் பாடசாலையை நிறுவினார்கள். மதிலுக்குப் பதிலாக வயல், கம்பிக்குப் பதிலாக வேலை என்பது அவர்களுடைய நம்பிக்கை.

நோக்கம் நல்லதுதான். 1908ஆம் ஆண்டின் கனேடிய இளங்குற்றவாளிகள் சட்டமும் அதே இரக்கத்தோடு பிறந்தது. தவறிய பிள்ளையைக் குற்றவாளி என்று பாராமல், உதவியும் வழிகாட்டுதலும் தேவைப்படும் பிள்ளையாகப் பார்க்க வேண்டுமென்று அது சொன்னது. ஆனால் இரக்கத்துக்குக் கணக்குக் கேட்பார் இல்லாதபோது என்ன நடக்கும்? ஒரு பிள்ளை எவ்வளவு காலம் உள்ளே இருக்கும் என்பதற்கு நிச்சயமில்லை. 21 வயது வரைக்கும் நீதிமன்றத்தின் பிடி நீளலாம். பிள்ளைக்காகப் பேச வழக்கறிஞர் இருப்பது அரிது. "எல்லாம் உன் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி இல்லை.

1954இல் நகரின் கிழக்கு முனையிலுள்ள ரிவியேர்-டெ-பிரெரியில் பொஸ்கோவில் என்ற நிலையம் ஒரு புதிய வழியைக் காட்டியது. அல்பேர் ரோஜே என்ற குருவானவர் நடத்திய கோடை முகாமிலிருந்து வளர்ந்தது அது. சிறுவர்கள் சிறு சிறு வீடுகளில் வாழ்ந்தார்கள். ஜில் ஜான்ட்ரோவின் தலைமையில், பயிற்சி பெற்ற கல்வியாளர்கள் உணவிலும் விளையாட்டிலும் படிப்பிலும் அவர்களோடு கூடவே இருந்தார்கள். காவலாளியின் இடத்தில் ஆசிரியர் வந்தார். இந்த அனுபவத்திலிருந்து ஒரு புதிய கல்வித் துறையே கியூபெக்கில் உருவாயிற்று.

ஆனால் எல்லா நிலையங்களும் பொஸ்கோவில் ஆகவில்லை. 1975இல் கியூபெக் அரசு இந்த நிலையங்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் மானுவேல் பட்ஷோ. மொன்றியலில் பிறந்த யூதர், சமூகப் பணியாளர். வீட்டிலேயே உதவி பெற்றிருக்கக்கூடிய பல பிள்ளைகள் நிலையங்களில் அடைக்கப்பட்டிருந்ததை அக்குழு எடுத்துக் காட்டியது. 1977இல் இளைஞர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1979இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்கு வழக்கறிஞரை நாடும் உரிமை உண்டு. இச்சட்டத்தின் கீழ் ஒரு பிள்ளையைச் சிறையிலோ பொலிஸ் நிலையத்திலோ தங்க வைக்கக் கூடாது. நிலையத்தின் ஒழுங்கு விதிகள் எல்லோரும் காணும்படி ஒட்டப்பட வேண்டும். பிள்ளைக்கு விளக்கப்படவும் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஷோபிரிட்ஜ் உட்பட ஆங்கிலமொழி நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது, அந்தப் புதிய அமைப்புக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. புரொட்டஸ்தாந்தர் தொடங்கிய ஒரு பணி ஒரு யூத மனிதரின் பெயரைத் தாங்குவது நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய காரியம்.

உலகமும் அதே திசையில் நடந்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை சிறுவர் உரிமைகள் சாசனத்தை ஏற்றது. 1990இல் தடுத்து வைக்கப்படும் பிள்ளைகளுக்கான விதிகளை வகுத்தது. 2003இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் புதிய சட்டம், தடுத்து வைப்பதைக் கடைசி வழியாக ஆக்க முயன்றது.

வாலிபரே, இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். கொடுமையானவர்கள் நடத்திய இடத்தில் மட்டுமல்ல, நல்லவர்கள் நடத்திய இடத்திலும் பிள்ளைகளுக்கு அநீதி நடக்கக்கூடும். வெளியிலிருந்து ஒருவர் வந்து, பதிவேட்டைத் திறந்து, பிள்ளையிடமே கேட்டபோதுதான் நிலைமை மாறியது.

ஊரில் அச்சுவேலி நன்னடத்தைப் பாடசாலையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை வெருட்டியவர்கள் நம்மில் உண்டு. உள்ளே இருந்த பிள்ளைகளைப் பற்றி எத்தனை பேர் விசாரித்தோம்? இங்கேயும் ஒரு தமிழ்ப் பிள்ளை பொலிஸில் அகப்பட்டால், முதலில் வருவது வெட்கம். சபைக்குத் தெரியக்கூடாது, உறவினருக்குத் தெரியக்கூடாது என்று குடும்பம் கதவைப் பூட்டிக்கொள்கிறது. அப்போது அந்தப் பிள்ளை இரண்டு பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

பெற்றோர் அறிய வேண்டியவை சில உண்டு. பிள்ளை தடுத்து வைக்கப்பட்டால் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கறிஞர் பிள்ளையின் உரிமை. அது சலுகை அல்ல. பெற்றோர் கேள்வி கேட்கலாம்; போய்ப் பார்க்கவும் கேட்கலாம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நம்முடைய ஆண்டவர் சிறையில் இருப்பவரோடு தம்மையே சேர்த்துச் சொன்னார். அவர் குற்றவாளியா நிரபராதியா என்று அங்கே கேட்கவில்லை. பார்க்க வந்தீர்களா என்பதே அங்குள்ள கேள்வி.