மணலில் நின்ற கல்

ஆத்து மணல்ல நின்னு பாத்திருப்பீங்க. தண்ணி ஓட ஓட காலடியில மணல் அரிச்சு, நாம கொஞ்சம் கொஞ்சமா உள்ளே இறங்குவோம். கல்லணையின் சூட்சுமமே அதுதான்.

கரிகாலன் கட்டியது என்று நாம் சொல்கிற அந்த அணைக்கு, அடியில் பாறை கிடையாது. பெரிய பெரிய கல்லாகப் போட்டார்கள். அரிப்பில் அது இறங்கியது. அதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கியது. இனி இறங்காது என்று கெட்டிப்படும் வரை போட்டு, இடுக்கில் களிமண்ணை வைத்தார்கள்.

பிற்காலத்தில் கொள்ளிடம் தண்ணீரை அதிகமாக இழுத்துக்கொள்ள, காவிரி மேடிட்டுப் போச்சு. தஞ்சாவூர் வாய்க்கால்களில் தண்ணீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனாலும் மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்தப் பழைய அணையிடம் கற்றோம் என்று ஒப்புக்கொண்ட மனுஷர். 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டினார். அதே பாடம்தான் 1852-ல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையாக முடிந்தது.

மேலணை 182 வருஷம் உழைத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒன்பது மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. வயசு ஒரு காரணம். ஆத்துல அளவில்லாம மணல் அள்ளினதும் காரணம்னு விவசாயிகள் சொன்னாங்க. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. மணலை எடுத்துட்டா கல்லு எதைப் பிடிச்சு நிக்கும்?

இப்போது பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டியாச்சு. ராத்திரியில் அந்தப் பக்கம் மணல் லாரி கண்ணில் பட்டால், தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிப் போடுங்க.